பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’: ஒரு மறுவாசிப்பு

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலைச் சொல்லாராய்ச்சியில் நாட்டமுடையோரே பெரிதும் தேடிப் படிக்கின்றனர். பிள்ளைகளின் சிந்தனைத் திறம் பற்றிக் கவலைகொள்ளும் பெற்றோரும் படிக்க வேண்டிய நூல் அது என்பது நம் எண்ணம்.

ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, ஆட்டுத் தோற்றம் என ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தலைப்பிட்டு, இலக்கணம் வகுப்பதுபோல் எழுதிச் செல்கிறார் அவர். கோலிக்கு இத்துணை மதிப்பளித்த புலவர் அரியர். ஒரே ஆட்டம் பாண்டிநாட்டில் ஒரு வகையாகவும் சோழ, கொங்கு நாடுகளில் வேறு வகையாகவும் ஆடப்படுவதைக் காட்டும் இடங்களே நூலின் உயிர்நிலை. அந்த வேறுபாடுகளை ஆக்கியவர் யார்? ஆள் குறைந்தால் என்ன செய்வது, சின்னவனைச் சேர்த்துக்கொள்ள எந்த விதியைத் தளர்த்துவது, புள் முள்வேலிக்குள் விழுந்தால் ஆட்டம் யாருக்கு என்று தெருவில் நின்று வழக்காடித் தீர்த்த சிறுவர் சிறுமியரே அல்லரோ?

இதைப் பாவாணர் போதிய அளவு கருதவில்லை என்பதே நம் குறை. ஆட்டத்தின் பிறப்பைப் பழங்கால வாழ்க்கை நிகழ்ச்சிகளில் தேடும் அவர், ஆடும் பிள்ளை அன்றாடம் அதைப் புதிதாய் ஆக்குவதை ஆராயவில்லை.

அவர் விட்ட இடத்தைத் தொடும் ஆய்வொன்று 2014-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. இளமையில் தாமாகக் கூடி ஆடியதில் மிகுந்த நேரம் கழித்த கல்லூரி மாணவரிடம் படைப்பாற்றல் மிகுந்தும், பயிற்சியாளரின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட ஆட்டங்களில் மிகுந்த நேரம் கழித்தவரிடம் குறைந்தும் காணப்பட்டதாம். ஆராயப்பட்டோர் நூறு பேர் அளவினரே; ஒன்றே மற்றதன் காரணம் எனத் துணிவதற்கும் இல்லை. ஆயினும் பாவாணரின் பக்கங்களோடு சேர்த்துப் படிக்கையில் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

நம் குன்னம் வட்டாரத்தையே பார்ப்போம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இக்கரிசல் ஊர்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டு வேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. மாலையோ தனிப்பயிற்சிக்கு. பங்குத் திருவிழாக் கபடிக்குக் கோப்பை உண்டு. பிள்ளைகள் தாமே கோடு கிழித்து ஆடக் கோயில் வளாகத்தில் இடம் கேட்டால் மறுப்போர் உண்டு. பூந்தொட்டி உடைந்துவிடுமாம்!

இறைவாக்கினர் செக்கரியா, மீட்படைந்த எருசலேமைக் காட்டும்போது அதன் தெருக்களைச் சிறுவர் சிறுமியரின் விளையாட்டால் நிரப்புகிறார் (8:5). புனித தாமஸ் அக்குவினாரோ விளையாட்டின் மிகுதியை மட்டுமன்றி, அதன் குறைவையும் குற்றமென்றே கொண்டார். பூந்தொட்டிக்கு அவர்கள் ஏனோ இடம் ஒதுக்கவில்லை.

பங்கு நூலகங்கள் பாவாணரின் நூலை வாங்கலாம். அதிலுள்ள ஓர் ஆட்டத்தின் இருவேறு முறைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, எப்படி ஆடுவது என்பதை அவர்களிடமே விட்டு நாம் விலகிக்கொள்ளலாம். நூலில் இல்லாத குன்னத்து முறை ஒன்று அங்கே பிறக்கக்கூடும்.