தீர்ப்பு இருக்கிறது, சான்று எங்கே?

விமர்சகர் வெங்கட் சாமிநாதனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வருகிறது: அவருடைய கோபம்தான் அவருடைய விமர்சனம், சமரசம் மண்டிய தமிழ்ச் சூழலில் வேறெப்படி எழுதுவது? 2015 அக்டோபரில் அவர் மறைந்த பிறகு இது இன்னும் வலுத்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லி யாரையும் எப்படியும் திட்டலாம் என்ற துணிச்சல் இளையவர்கள் சிலருக்கு வந்திருக்கிறது. இந்த வாதம் அவருக்கும் நல்லதல்ல, விமர்சனத்துக்கும் நல்லதல்ல.

அவர் செய்தவை சிறியவை அல்ல. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் தொடங்கி அரை நூற்றாண்டு எழுதினார். ஹிராகுட்டிலும் டெல்லியிலும் வேலை பார்த்துக்கொண்டே நாடகம், ஓவியம், இசை, சினிமா எல்லாவற்றையும் இலக்கியத்தோடு சேர்த்துப் பார்த்தார். ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குத் (1977) திரைக்கதை எழுதினார். சபா நாடகங்களை நாடகம் என்று நம்பியிருந்தவர்களிடம், நமக்கென்று இருக்கும் அரங்கம் தெருக்கூத்துதான் என்று சளைக்காமல் சொன்னார். 2003க்கான இயல் விருது தகுதியானவருக்கே போனது.

என் மறுப்பு அவர் தீர்ப்புகளைப் பற்றியதல்ல. பல தீர்ப்புகள் சரியானவை. அந்தத் தீர்ப்புக்கு அவர் எப்படி வந்தார் என்பதை வாசகனுக்குக் காட்டுவதே இல்லை என்பதுதான் என் நெடுநாள் குறை. ஒரு நாவல் போலி என்பார். எந்த அத்தியாயத்தில், எந்த உரையாடலில், எந்த இடத்தில் மொழி பொய்யாகிறது என்று கேட்டால், கட்டுரை அதற்குள் எழுத்தாளரின் நேர்மையைப் பற்றிப் பேசப் போயிருக்கும். அவர் யாரோடு சேர்ந்தார், எதற்காக வளைந்தார் என்பது விரிவாக வரும். படைப்பு வராது.

இலங்கையின் மார்க்சிய விமர்சகர் கைலாசபதியோடு நடந்த சண்டையைப் பாருங்கள். கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலைச் சமூக வரலாற்றின் விளைவாகப் பார்த்த நூல். அதை மறுத்துச் சாமிநாதன் ‘மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்’ எழுதினார்; எம்.ஏ. நுஃமான் அதற்கு விரிவான பதில் எழுதினார். கலையைக் கோட்பாட்டுக்குச் சாட்சியாகச் சுருக்கக்கூடாது என்று சாமிநாதன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவர் கொண்டுவந்த மாற்று என்ன? கைலாசபதி வர்க்கத்தை வைத்த இடத்தில் இவர் எழுத்தாளரின் அனுபவ உண்மையை வைத்தார். இரண்டு அளவுகோலும் புத்தகத்துக்கு வெளியேதான் கிடக்கின்றன.

நீலகிரியின் நெல்லியாளத்தில் உட்கார்ந்து படிக்கும்போது இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த குடும்பங்கள் வாழும் ஊர் இது. தேயிலைத் தோட்ட நாவல்களை இங்கே படிப்பவர்களுக்கு அந்த வாழ்க்கை உண்மையா என்று யாரும் சான்றிதழ் தர வேண்டாம். அட்டைக்கடியும் கங்காணியும் நிறுவையில் அடிக்கும் கொள்ளையும் அவர்கள் வீட்டுக் கதைகள். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் டி. செல்வராஜின் ‘தேநீர்’ நாவலும் எங்கே உயிர் பெறுகின்றன, எங்கே வெறும் தகவலாகத் தளர்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. ‘எரியும் பனிக்காடு’ நாவல் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. அதை ஆங்கிலத்தில் எழுதிய பி.எச். டேனியல் ஒரு மருத்துவர், கூடை சுமந்தவரல்ல. தோட்டத்து லயத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் சப்பென்று ஒரு நாவல் எழுதவும் கூடும். அனுபவ உண்மை என்ற அளவுகோல் இந்த வித்தியாசத்தின் முன் வாயடைத்து நிற்கும். அதை விளக்க வாக்கியத்தையும் காட்சியமைப்பையும் தொட்டாக வேண்டும்.

செல்லப்பா தொட்டார். மௌனியின் கதைகளை அவர் அலசிய விதம் சில இடங்களில் அலுப்பூட்டும். ஆனாலும் நாம் கதையை எடுத்துவைத்து அவரோடு சண்டை போடலாம். சாமிநாதனோடு அப்படிச் சண்டை போட முடியாது. அவர் கண்ணை நம்பலாம், அல்லது நம்பாமல் போகலாம், அவ்வளவுதான். தீர்ப்பு ஆளைத் தாக்குவதாக மாறுவது தமிழில் மட்டும் நடப்பதல்ல. நியூயார்க்கின் நாடக விமர்சகர் ஜான் சைமனும் நடிகர்களின் தோற்றத்தையே இழிவாக எழுதிவிட்டுத் தரம் காப்பதாகச் சொல்லிக்கொண்டவர். சாமிநாதன் அந்த அளவுக்கு இறங்கியவரல்ல. ஆயினும் தரத்தின் பெயரால் ஆளைத் தாக்கலாம் என்ற அனுமதி இருவர் வழியாகவும் பின்வந்தவர்களுக்குக் கிடைத்தது.

தமிழ்ப் பண்பாடே வறண்டுபோனது என்ற சாமிநாதனின் பெரிய வாதமும் சான்று காட்டாத இதே வழியில் வந்ததுதான். மாசியில் காமன் ஊன்றி, மதனும் ரதியுமாக இரவெல்லாம் ஆடி, எரித்த மதனை மறுபடி எழுப்பும் காமன் கூத்தைத் தோட்டத் தொழிலாளிகள் கடல் கடந்து கொண்டுபோய் இலங்கை லயங்களில் தலைமுறைகளாகக் காத்தார்கள். நாள் முழுக்க உழைத்தாலும் பட்டினி தீராத மக்கள் அவர்கள். கூத்தின் அருமை தெரிந்த ஒரு விமர்சகர், அதை ஆடிய சமூகத்தையும் சேர்த்து வறட்சி என்று எப்படி எழுத முடிந்தது? ஓரிரு நகரங்களின் சபாக்களையும் பத்திரிகைகளையும் பார்த்துத் தமிழ் முழுவதற்கும் தீர்ப்பு எழுதியதைத் துணிச்சல் என்று என்னால் கொண்டாட முடியாது. அது அவசரம்.

அவரை மறுபடி தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வசைக் கட்டுரைகளை முன்னால் அடுக்காதீர்கள். கூத்தைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய பக்கங்களை முதலில் வையுங்கள். அங்கே அவர் யாரையும் திட்டவில்லை; மேடையைக் காட்டுகிறார்.