சாரங்கனின் டைரி

கண்ணீர் வரவழைப்பது பெரிய வித்தை இல்லை. வெங்காயம்கூடச் செய்யும். மெகா சீரியல்கள் வருஷக்கணக்கில் அதை வைத்தே பிழைப்பு நடத்துகின்றன. ஆனால் ஒரு சிறுகதையில் யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒப்பாரி இல்லை. இருந்தும் கடைசி வரியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றால், மெக்கானிக் மாதிரி அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதில் தப்பில்லை. பிரித்தால் ரசனை கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கெட்டுப்போகிற கதை என்றால் கெட்டுத்தான் போகட்டுமே!

நான் பிரிக்கப் போவது கு.அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் 1923-ல் பிறந்தவர் அழகிரிசாமி. கி.ராஜநாராயணனுக்கு ஒரே ஊர்க்காரர், உயிர் சிநேகிதர். பத்திரிகை ஆபீஸ் உத்தியோகம், கார்க்கி மொழிபெயர்ப்பு, கொஞ்ச வருஷம் மலேசியா என்று சுற்றிவிட்டு 1970-ல், ஐம்பது வயதைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அந்த வருஷத்து சாகித்ய அகாடமி பரிசு இதே தலைப்பில் வந்த அவருடைய தொகுதிக்குத்தான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இப்படி ஒரு முடிவை யாராவது கதையில் எழுதியிருந்தால், 'ரொம்ப செயற்கையா இருக்கு' என்று அவரே அடித்திருப்பார்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உட்பட. முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் போகாது என்பதுதான் என் கட்சியே.

கல்யாணமாகாத ஒரு பத்திரிகைக்காரர். 'நான்' என்று அவரே கதை சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டில் வந்து விழுவார்கள். காரணம், புத்தகம். அவரை 'மாமா மாமா' என்று பிய்த்து எடுக்கிறார்கள். அவரும் பெரிய மனுஷத்தனம் காட்டாமல் சரிசமமாகப் பழகுகிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிருந்தாவும் சுந்தரராஜனும் செல்லங்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டைரி அன்பளிப்பாகக் கொடுக்கிறார். சாரங்கன் என்று ஒரு பையன். கூச்ச சுபாவம், மரியாதையான பிள்ளை. கூட்டத்தில் அவனும் ஒருத்தன், அவ்வளவுதான். ஒருநாள் அவன் மாமாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். போகிறார். உபசாரமெல்லாம் ஆன பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். அவனே சம்பாதித்து வைத்திருக்கும் டைரி. அதில் அவனுக்கு அன்பளிப்பு என்று அவர் எழுதித் தர வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான். அந்த வாசகத்தில் தன்மேல் அவருக்குப் பிரியம் என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

முடிந்தது கதை. அதற்கப்புறம் ஆசிரியர் வாயைத் திறப்பதில்லை.

அன்பளிப்பு என்றதும் உங்களுக்கு ஓ.ஹென்றி ஞாபகம் வரலாம். 1905-ல் வந்த 'கிஃப்ட் ஆஃப் தி மேஜை'. கையில் 1 டாலர் 87 சென்ட் வைத்திருக்கும் மனைவி, புருஷனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குவதற்காகத் தன் தலைமுடியை விற்கிறாள். அவனோ அவள் தலைமுடிக்குச் சீப்பு வாங்குவதற்காகக் கடிகாரத்தை விற்றிருக்கிறான். அழகான கணக்கு. இந்தப் பக்கம் ஒரு பற்று, அந்தப் பக்கம் ஒரு வரவு, டிரயல் பேலன்ஸ் பைசா சுத்தமாக டேலி ஆகிறது. பி.காம். படித்தவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க சந்தோஷம். ஆனால் ஆச்சர்யம் ஒரு தரம்தான். இரண்டாம் முறை படிக்கும்போது, முதலிலிருந்தே சங்கிலிக்கும் சீப்புக்கும் காத்திருக்கிறோம்.

'அன்பளிப்பை' இரண்டாம் தடவை படித்துப் பாருங்கள். முதல் தடவையைவிட மோசமாக வலிக்கும். ஏனென்றால் இப்போது நாம் சாரங்கனைத் தேடிக்கொண்டே படிக்கிறோம். அவன் அங்கேயேதான் இருக்கிறான்! ஆசிரியர் அவனை எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. குழந்தைகள் சத்தம் போடுகிற, புத்தகத்துக்குச் சண்டை போடுகிற அதே கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் நிற்கிறான். கதை சொல்கிறவர் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் கண் வழியாகப் பார்த்த நாமும் பார்க்கவில்லை. சத்தம் போடுகிற பிள்ளைகளைத்தானே நாமும் ரசித்துக்கொண்டிருந்தோம்? கடைசியில் டைரியை நீட்டும்போது அவர் முகத்தில் விழுகிற அடி நம் முகத்திலும் விழுகிறது. ஓ.ஹென்றி கடைசிவரை நம்மிடம் ஒரு சேதியை மறைக்கிறார். அழகிரிசாமி எதையும் மறைக்காமலே ஏமாற்றுகிறார். இரண்டாவதுதான் கஷ்டமான வேலை என்பேன்.

கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. நடுவில் பிருந்தாவுக்கு ஜுரம் வருகிற பகுதி. மாமா போய்ப் பார்ப்பது, அவர்மேல் அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒட்டுதல்... கொஞ்சம் சர்க்கரை தூக்கல். இன்றைக்கு எந்த எடிட்டர் கையில் கொடுத்தாலும் முதலில் கத்தரி விழுவது அங்கேதான். ஆனால் வெட்டினால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க. இது பிருந்தாவின் கதை என்று நாம் நம்புவதே அந்த ஜுரத்தால்தான். பாசமெல்லாம் அந்தப் பக்கமே செலவாகிவிட்டது. சாரங்கன் பேரில் ஒரு பைசா வரவு வைக்கவில்லை. அது நமக்கு உறைக்க வேண்டும் என்றால், அந்தப் பக்கம் தாராளமாகச் செலவு செய்து காட்டத்தான் வேண்டும். இரண்டு பத்தி குறைத்திருக்கலாம், அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

இது வெறும் சென்டிமென்ட் என்று உதறுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்டிமென்ட் கதையில் பையன் அழுவான், மாமா அவனைக் கட்டிக்கொள்வார், மன்னிப்புக் கேட்பார். நாமும் மூக்கைச் சிந்திவிட்டு நிம்மதியாக அடுத்த பக்கம் புரட்டலாம். இங்கே பையன் அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, 'எனக்கு ஏன் தரலை?' என்று கேட்கக்கூட இல்லை. டிபன் காப்பி கொடுத்து, பேனாவை நீட்டி, வாசகம் சொல்கிறான். சின்னப் பையனுக்கு இவ்வளவு கண்ணியமா? அதுதான் தாங்க முடியவில்லை.

'ராஜா வந்திருக்கிறார்' கதையிலும் இதே கைதான். தீபாவளி நேரம். பணக்கார வீட்டுக்கு மாப்பிள்ளையாக ராஜா வந்திருக்கிறார். ஏழை வீட்டுக்கும் ஒரு ராஜா வருகிறான், உடம்பெல்லாம் சிரங்கோடு ஒரு அநாதைப் பையன், பேர் மட்டும் ராஜா. வீட்டுக்காரருக்கென்று வைத்திருந்த துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. அந்த வீட்டுப் பெண் குழந்தை எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே வறுமை பற்றி அரைப்பக்கப் பிரசங்கம் நிச்சயம். அழகிரிசாமிக்கு அந்தக் குழந்தையின் பெருமை போதும்.

மறுபடி சாரங்கனிடம் வருகிறேன், ஒரு விஷயம் பாக்கி. டைரி அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கங்கள், அட்டை எல்லாம் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்திருக்கும். அதில் இல்லாதது ஒரே ஒரு வரி, அதுவும் அவர் கையெழுத்தில். அதை அவனால் கடையில் வாங்க முடியாது. தானே எழுதிக்கொள்ளவும் முடியாது. ஆகவே பொருளையும் கொடுத்து, வார்த்தையையும் கொடுத்து, கையை மட்டும் கடன் கேட்கிறான். அந்த வரியை எழுதும்போது அது அவருக்கு உண்மையாக இருந்ததா, இல்லை சின்னப் பையன் கேட்டானே என்று எழுதினாரா? கதையில் பதில் கிடையாது. அழகிரிசாமியின் முழுத்தொகுப்பு கிடைக்கிறது. வாங்கி, ஒரே மூச்சில் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.