எந்த நம்பரும் வந்து சேரும் 6174

எண்களுக்குள் எனக்கு ஒரு செல்லம் உண்டென்றால் அது 6174தான். இதன் வேலையை ஒருதரம் பார்த்தவர் சும்மா இருக்க முடியாது. அடுத்த ஆளைப் பிடித்துக் காட்டியே தீர்வார்!

நாலும் ஒரே இலக்கமாக இல்லாத ஒரு நாலிலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள். பிறகு சிறிதிலிருந்து பெரிதாக. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையில் இலக்கம் குறைந்தால் முன்னால் பூச்சியம் போட்டு, அதையே திரும்பச் செய்யுங்கள். கூடினால் ஏழு தரம். 6174 வந்து நிற்கும். பிறகு அசையவே அசையாது: 7641 − 1467 = 6174.

வாழைச்சேனையில் இந்த விளையாட்டுக்கு எண் தேடி அலையவே வேண்டாம். நம் நாட்டு வாகனத் தகட்டில் எழுத்துக்குப் பின்னால் நாலு இலக்கம்தானே! ஓட்டமாவடிப் பாலத்தடியில் நின்றால் பொலன்னறுவை லொறி, மட்டக்களப்பு பஸ், கல்குடாவுக்குப் போகிற ஓட்டோ என்று கணக்குகள் வரிசையாக ஓடும். 3524 போகிறதா? 5432 − 2345 = 3087. 8730 − 0378 = 8352. 8532 − 2358 = 6174. மூன்றே படி! ஓட்டோக்கார மாமா ஒருவருக்கு அவருடைய நம்பரையே போட்டுக் காட்டினேன். “மத்தவன்ட நம்பருக்கும் இதுதான் வருமா மனே? மறுகா ஒருக்காப் போடு” என்றார். போட்டேன். வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதைக் கண்டவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த டி. ஆர். கப்ரேக்கர். 1946இல் கண்டு, 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியபின் அவர் பெயர் உலகமெங்கும் பரவியது. அந்த 1949ஐயே போட்டுப் பாருங்கள்: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு படியையும் முழுசாக ஏறித்தான் வருகிறது!

இதில் மாயம் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய மாயம். பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்தால் வருவதை 999ஆல் பெருக்குங்கள், நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். முதல் விடை அதுதான். ஆக, எந்த எண்ணில் தொடங்கினாலும் அந்த இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே கணக்கில் வரும். அப்படிப்பட்ட சோடிகள் 54தான். அந்த 54ஐயும் சோதித்து முடித்தால் ஆயிரக்கணக்கான எண்களுக்கும் சேர்த்து நிரூபணம் முடிந்தது. ஓஎல் பிள்ளைக்கும் கைக்கெட்டுகிற நிரூபணம்!

இன்னும் கேளுங்கள். 6174இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18ஆல் வகுத்தால் 343, அதாவது ஏழின் கனம். அதே 18ஐயும் அதன் வர்க்கத்தையும் கனத்தையும் கூட்டுங்கள்: 18 + 324 + 5832. திரும்பவும் 6174! எனக்குப் புல்லரித்துப் போனது.

மூவிலக்க எண்களுக்கு 495 இதே வேலையைச் செய்கிறது. ஐந்திலக்கத்திலோ இப்படி ஓர் எண்ணே கிடையாது. எல்லாம் சுழலில் அகப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே எண்ணில் வந்து நிற்பது மூவிலக்கத்துக்கும் நாலிலக்கத்துக்கும் வாய்த்த பாக்கியம். காகித ஆலையால் பேர் எடுத்த வாழைச்சேனையில் ஒரு தாளுக்கா பஞ்சம்? பென்சிலை எடுங்கள், உங்கள் மோட்டார் சைக்கிள் நம்பரிலிருந்தே தொடங்குங்கள்!