'ஒளிக்க என்ன கிடக்கு?' – கணினி பற்றிய அன்றாட அபிப்பிராயங்களும் குடியியல் சுதந்திரமும்

விமரிசனம் என்பது நூலுருப் பெற்ற ஆக்கங்களோடு மாத்திரம் நின்றுவிட வேண்டிய ஒன்றன்று. ஒரு சமூகம் தன் காலத்துப் புதிய கருவிகளைப் பற்றி நாள்தோறும் தனக்குள் சொல்லிக்கொள்ளும் சிறு வாக்கியங்களும் ஒருவகைப் பனுவலே. அவற்றுக்கு ஆக்கியோன் இல்லை, பதிப்பு இல்லை, முன்னுரையும் இல்லை. எனினும் பழமொழியைப் போல அவை வாய்க்கு வாய் வழங்கி, சிந்திக்க வேண்டிய இடத்தில் சிந்தனையை நிறுத்தி வைக்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. அவ்வலிமையின் மூலம் யாது என்பதை ஆராய்தல் தமிழ் மாணவர்க்குப் புறம்பான காரியமெனக் கொள்ளுதற்கில்லை.

இவ்வாய்வுக்குக் கரவெட்டி தக்கதோர் ஊர். 'கருத்துநிலை' என்னும் சொல்லைத் தமிழ் விமரிசனத்திற் பெருவழக்காக்கியவர்களுள் ஒருவரான பேராசிரியர் கா. சிவத்தம்பி 1932 இல் பிறந்த ஊர் அது. 1956 இல் பொன். கந்தையாவைக் கம்யூனிஸ்ட் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வடமராட்சியின் அரசியற் சூழல் அதனைச் சூழ்ந்திருந்தது. வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் அதற்கு உரை கூறும் வழக்கத்தில் வளர்ந்த மக்கள் அவ்வூரார். அத்தகைய ஊரிலே, நெல்லியடிச் சந்தியிற் கைத்தொலைபேசி திருத்தும் கடைவாசலில் நிற்பவர் காதில் விழும் அபிப்பிராயங்கள் மூன்று: 'எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு?' என்பது ஒன்று. 'சும்மாதானே தாறாங்கள்' என்பது மற்றொன்று. 'அது மிசின்தானே, அதுக்கென்ன இனமும் மொழியும்?' என்பது மூன்றாவது. (கருவியின் பெயர் கணனியா கணினியா என ஈழத்தில் நெடுநாள் வாதம் நிகழ்ந்ததுண்டு. அவ்வூக்கத்திற் சிறு பங்காவது அதற்குள்ளே என்ன நிகழ்கிறது என்ற வினாவிற் செலவாகியிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.)

முதலாவது கூற்றே விரிவான நோக்குக்குரியது. இதில் 'ஒளித்தல்' என்னும் வினை குற்றத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஒளிப்பவன் குற்றவாளி, குற்றமற்றவனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதே இதன் தருக்கம். இத்தருக்கம் உலகின் வேறெந்தப் பகுதியிற் பொருந்தினும் வடமராட்சியிற் பொருந்துவது அரிது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982 இல் நிரந்தரமாயிற்று. அதன்பின் சுற்றிவளைப்பு என்னும் சொல் அங்கு வீட்டுச் சொல்லாயிற்று. 1987 மே மாதத்து 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கை வடமராட்சியின் மீதே நிகழ்த்தப்பட்டது. அக்காலங்களிற் புத்தகத்தையும் கடிதத்தையும் பிள்ளையின் புகைப்படத்தையும் ஒளித்தவர்களும் எரித்தவர்களும் குற்றம் செய்தவர்களா? ஒரு பொருளின் அர்த்தம் அதனை வைத்திருப்பவரால் அன்றி அதனைக் கண்டெடுப்பவராலேயே தீர்மானிக்கப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கவிதையின் பொருள் வாசகனிடத்து உள்ளது என விமரிசகர் கூறுவதற்கும் இதற்கும் ஒரு கொடிய ஒற்றுமை உண்டு.

பதிவு என்பதற்கும் அம்மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1990 முதல் 1995 வரை மின்சாரமில்லாத குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள், வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளிடம் 'பாஸ்' பெற்றனர். 1996 இன் பின்னர் அனுமதி வழங்கும் கரம் இராணுவத்தினுடையதாயிற்று. 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் கப்பலேறுவதற்கும் விமானமேறுவதற்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டியிருந்தது. 2008 செப்ரெம்பரில், வடக்கிலிருந்து வந்து கொழும்பிற் தங்கியிருந்தோர் பொலிசாரிடம் தம்மைப் பதியுமாறு பணிக்கப்பட்டனர். போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணத்திற் குடும்பப் படத்துடன் இராணுவப் பதிவு தொடர்ந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். அதன் பயனாக 2011 மார்ச்சில் அப்பதிவு நிறுத்தப்படும் எனச் சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றில் உறுதியளித்தது. 'எந்தச் சட்டத்தின்கீழ் எங்களைப் பதிகிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி அங்கு பயன் தந்தது.

இவை யாவற்றினும் கூர்மையான சான்று 1983 ஜூலை. கொழும்பிற் தமிழர் வீடுகளைத் தேடி வந்தோர் சிலர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வாக்களிக்கும் உரிமைக்கென, எவ்விதத் தீய நோக்கமுமின்றி, குடியரசின் பணியாளரால் ஆக்கப்பட்ட பட்டியல் அது. அதிற் பெயர் கொடுத்த எவரிடமும் ஒளிப்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை. பெயரும் முகவரியுமே கொல்வதற்குப் போதுமாயிருந்தன. பட்டியலின் நோக்கம் அதை ஆக்கியவரோடு முடிந்துவிடுவதில்லை. அது கைமாறும்போது நோக்கமும் மாறுகின்றது. கணினி செய்ததெல்லாம் அக்கைமாற்றத்தை ஒரு கணப்பொழுதுக் காரியமாக்கியதே.

இத்தனையும் அறிந்த மக்களே இன்று 'ஒளிக்க என்ன கிடக்கு?' என்கின்றனர். இதனை மறதி எனக் கொள்வது தவறு. மறந்தவர் அல்லர் அவர். பதிபவரின் தோற்றமே மாறியுள்ளது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த தேசிய எரிபொருள் அனுமதியை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாய்க் காணலாம். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்துக் 'கியூஆர்' சதுரமொன்றைப் பெற்று வரிசையில் நின்றனர். அது ஒப்பீட்டளவில் நியாயமான பங்கீடாகவே அமைந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் சீருடையாளர் வாசலில் வந்து கேட்டபோது எழுந்த கேள்வி, திரையொன்று கேட்டபோது எழவில்லை. தொலைபேசியில் இறக்கப்படும் செயலிகளின் நிலையும் அதுவே. விளக்கு வெளிச்சம் தரும் ஒரு செயலி தொடர்பு இலக்கங்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி கேட்டால், அது ஏன் என்று வினவுவார் அரியர். தகவல்கள் இயந்திரத்துக்கே கொடுக்கப்படுவதாக மனம் கொள்கின்றது. இயந்திரத்துக்குப் பின்னே அலுவலகமும், அலுவலகத்துக்குப் பின்னே சட்டமும், சட்டத்துக்குப் பின்னே அதிகாரமும் நிற்பது கண்ணுக்குப் படுவதில்லை.

சட்டத்தின் நிலையோ முரண்பாடானது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு 14 ஆம் உறுப்புரையிற் பேச்சுச் சுதந்திரத்தைக் கூறுகின்றது. 2015 இல் 14அ உறுப்புரை மூலம் தகவல் அறியும் உரிமை சேர்க்கப்பட்டது. அந்தரங்கம் வெளிப்படையான ஓர் அடிப்படை உரிமையாக அதில் எழுதப்படவில்லை. அரசைக் கேட்கும் உரிமை எழுத்தில் உண்டு. அரசு கேட்கும்போது மறுக்கும் உரிமை எழுத்தில் இல்லை. அயல்நாடான இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாகத் தீர்த்தமை இங்கு ஒப்பிடற்பாலது. இலங்கையில் 2024 ஜனவரி 24 அன்று 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் நிறைவேறி, அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்று எக்கூற்று பொய், எது தடைக்குரியது எனக் கூறும் நிலை அதனால் ஏற்பட்டது. வாசிப்பு என்னும் கலையைச் சட்டம் ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது எனலாம்.

அதிகாரத்தின் வாசிப்பு எத்தகையது என்பதற்கு இலக்கிய உலகிலேயே சான்றுகள் உள. சிங்களச் சிறுகதையாசிரியர் சக்திக சத்குமார, முகநூலில் இட்ட ஒரு கதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி ஏறத்தாழ நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். குடியியல் அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென 2007 இல் ஆக்கப்பட்ட சட்டமே அவர்மீது பிரயோகிக்கப்பட்டது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் 'நவரசம்' என்னும் தமது தமிழ்க் கவிதைத் தொகுதி காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மேயிற் கைதானார். 2021 டிசம்பரிற் பிணை கிடைத்தது. விடுதலையான ஆண்டு 2023. கவிதையை உருவகமாகக் கொள்ளாது வாக்குமூலமாகக் கொண்ட வாசிப்பு ஒரு மனிதரின் வாழ்விற் பல மாதங்களைச் சிறையிற் கழிய வைத்தது. இவ்விருவருக்கும் ஒளிக்க ஒன்றும் இருந்ததில்லை; இருவருமே தம் எழுத்தைத் தாமே வெளியிட்டவர்கள்.

எனினும் பழியனைத்தையும் அரசின்மீது சுமத்தி அமைவது விமரிசன நேர்மையாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளரும் 'முறிந்த பனை' நூலாசிரியருள் ஒருவருமான ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி 1991 இல் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டார், அவர் மீளவில்லை. ஊர் என்பதும் ஒரு கண்காணிப்பு நிறுவனமே. யார் யாருடன் பேசினர், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினர் என்பதையெல்லாம் எவ்விதக் கணினியுமின்றி நினைவில் வைத்திருந்த சமூகம் அது. 2002 இல் வீதி திறந்தபின் பெருகிய 'கொமினிக்கேசன்' கடைகளிற் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பேசியவர்களின் குடும்ப விடயங்கள் வெளியே காத்திருந்தோர் அனைவரும் கேட்கப் பேசப்பட்டன. கைத்தொலைபேசி வந்தபோது, சிறப்பாகப் பெண்களுக்கு, அது முதன்முதலாகக் கதவுள்ள அறையொன்றைக் கொடுத்தது. ஆகவே தொழில்நுட்பத்தை வெறும் வேவுக்கருவி எனக் கூறுவோரும் பாதியையே காண்கின்றனர். அந்த அறைக்கு இன்னொரு சாவி வேறொருவரிடம் உண்டு என்பதே பேசப்படாத மறுபாதி.

'சும்மாதானே தாறாங்கள்' என்ற இரண்டாவது கூற்று சொல்லாராய்ச்சிக்கு இடந்தருவது. ஆங்கிலத்தில் இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒரே சொல் குறிப்பதால், 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய மென்பொருள் இயக்கம் ஓயாது விளக்கம் கூற வேண்டியதாயிற்று. தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' என்பது வேறு. மொழி தெளிவாக வைத்திருப்பதை வழக்கு குழப்பிவிட்டது. பணம் வாங்காத முகநூலும், மூலநிரலை எவரும் படித்துத் திருத்தலாகும் கட்டற்ற மென்பொருளும் 'சும்மா' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இவ்வேறுபாட்டின் பயனை ஈழத் தமிழர் எழுத்துருவிலேயே கண்டிருத்தல் கூடும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகத் தோன்றும். பல்லாண்டு காலப் பத்திரிகைகளும் ஆய்வேடுகளும் அந்நிலையில் அகப்பட்டன. 1991 இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடங்கிடைத்தும், தமிழ்நாட்டரசு அதனை நியமமாக ஏற்றது 2010 இல். பொது நியமமொன்று யாவர்க்கும் உரியதாயிருக்கும்போதே எழுத்து கருவிக்கு அடிமையாகாதிருக்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைக் கட்டணமின்றி வாசிக்கத் தருகின்றது. அதனைத் தாங்கி நிற்பது விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளே. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003 இலிருந்து கட்டியெழுப்பிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வகையினதே. இவையும் 'சும்மா'தான் கிடைக்கின்றன. ஆயின் இவை வாசகனின் பெயரைக் கேட்பதில்லை.

மூன்றாவது கூற்று சில வரிகளுக்கு மேல் வேண்டாதது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை எழுந்தபோது சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகளை முகநூல் உரிய காலத்தில் அகற்றவில்லை. 2020 இல் அந்நிறுவனமே அதற்காக வருத்தம் தெரிவித்தது. அரசோ அப்போது சமூக ஊடகங்கள் சிலவற்றை முடக்கியது. 2019 இலும் 2022 இலும் அவ்வாறே செய்தது. மொழி அறியாத மிசினும் மொழி அறிந்த அமைச்சும் ஒரே தவறின் இரு முனைகளில் நின்றன. இனமில்லை மொழியில்லை என்று கூறப்படும் இயந்திரம், எந்த மொழிக்கு எத்தனை பேரை வேலைக்கமர்த்துவது என்ற கணக்கிலேயே தன் இனத்தையும் மொழியையும் வைத்திருக்கின்றது.

2022 மார்ச்சில் இலங்கை இந்தியாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி வரவிருக்கும் எண்ணிம அடையாள அட்டை, முகத்தையும் விரல்ரேகையையும் கண்மணியையும் பதியும் நோக்குடையது. செயலிகளிற் பெரும்பாலும் 'ஏற்கிறேன்' என்னும் பொத்தான் தமிழில் இருக்கும். ஏற்கப்படுவது யாது என்பது ஆங்கிலத்தில் இருக்கும். இவ்வட்டைக்கும் அவ்வாறு நேருமா என்பதைக் கரவெட்டிப் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். எத்தகவல், எவரிடம், எவ்வளவு காலம், எச்சட்டத்தின்கீழ் என நான்கு வினாக்கள் போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தகவல் தரப்படுமா மறுக்கப்படுமா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். அக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.