வல்லாரையை இலையாகவே ரசியுங்கள்

கீரைக் கட்டை வாங்குமுன் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். இலையின் பிளவு விழுந்த ஓரத்தில் காம்பு வந்து சேர்ந்தால் அது வல்லாரை. தாமரை இலைபோல நட்டநடுவில் சேர்ந்தால் அது தண்ணீர்த் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் வேறு செடி.

அடுத்தது வாசம். கொத்தமல்லியின் குடும்பம்தான் இதுவும். கசக்கினால் அந்த உறவு மூக்குக்குத் தெரியும். பச்சையாக ஒன்றை மென்றால் முதலில் துவர்ப்பு, பிறகு நிதானமாகக் கசப்பு. இந்தக் கசப்பை முழுதாக விரட்டிவிட்டால் தின்பதற்கு ஒன்றுமில்லை. மலாய்க்காரர்கள் வல்லாரையைப் பெகாகா உலாம் என்று சம்பால் பெலாச்சானில் தொட்டு அப்படியே கடிக்கிறார்கள். அது ஒரு வழி.

எனக்குப் பிடித்தது, ரயில்வே வேலைக்கு வந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத்தவர்களின் வல்லாரைச் சம்பல். இலையைக் கத்தியால் மெல்லிசாக அரிய வேண்டும். மிக்ஸி வேண்டாம், நசுங்கினால் கசப்பு மேலேறும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய், உப்பு. கடைசியில் எலுமிச்சை. புளிப்பு பட்டதும் பச்சை நிறம் மங்கத் தொடங்கும், அதனால் பிழிந்த கையோடு பரிமாறுங்கள். சுடுசோறும் பருப்பும் போதும். தேங்காயின் கொழுப்பு கசப்பைத் தணிக்கும் இடத்தை நாக்கில் கவனியுங்கள்.

நினைவாற்றலுக்கும் புண் ஆறவும் வல்லாரை என்பது பாட்டி வைத்தியம். புண்ணைப் பொறுத்தவரை அதற்கு அடிப்படை உண்டு. இலையிலுள்ள ஏசியாட்டிகோசைட் தோல் களிம்புகளில் சேர்கிறது. நினைவாற்றல் கதை வேறு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசல், அறிவுத்திறன் கூடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று காணவில்லை. பரீட்சைக்காகப் பிள்ளைகளுக்கு மாத்திரை வாங்கித் திணிக்காதீர்கள்.

உணவாகக் கொஞ்சம் சாப்பிடுவது வேறு, செறிவூட்டிய மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவது வேறு. வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதித்ததை 2005இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது; நிறுத்தியதும் தேறினார்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், தூக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தளவில் எடுக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சிக்கொள்ளும். மலேசிய ஆய்வாளர்கள் மாசை அளக்கவே இந்தச் செடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் பலமுறை அலசினால் சேறு போகும், கிருமிகள் குறையும். இலைக்குள் ஏறிய ஈயம் போகாது. ஆகவே லோங்காங் (சாக்கடை) ஓரத்திலோ தண்டவாளத்தருகிலோ தொழிற்சாலை வேலியோரத்திலோ முளைத்ததைப் பறிக்காதீர்கள். எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் சந்தைக் கட்டில் வேரோடு வரும் ஒரு துண்டை எடுத்து, நல்ல மண் நிரப்பிய தொட்டியில் நடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அடுக்குமாடி வராந்தாவிலேயே படரும்.