கட்டமும் கற்பனையும்: பாத்திரமேற்பு விளையாட்டில் போர்க்கள வரைபடம்

மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, நடத்துநர் ஒருவர் விரிக்கும் உலகில் தம் செயல்களைச் சொல்லாலும் பகடையாலும் நிகழ்த்துவது பாத்திரமேற்பு விளையாட்டு. இதனை வாய்மொழிக் கதையாக்கத்தின் ஒரு வகை எனலாம். இதில் போர் நிகழுமிடத்துக் கட்டமிட்ட வரைபடத்தை விரித்துச் சிற்றுருவங்களை நிறுத்தும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் கற்பனையைக் குறைக்கும் என்னும் கருத்து ஆய்வுக்குரியது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் இயற்றி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' சிற்றுருவப் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததாகும். அது தொலைவை அங்குலத்தால் அளந்தது. ஆயினும் சிற்றுருவங்களைக் கட்டாயமாக்கவில்லை. 2008இல் வந்த நான்காம் பதிப்பு தொலைவைக் கட்டங்களாலேயே குறித்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அடிக்கணக்கிற்குத் திரும்பி, கட்டங்களை ஆடுவோர் விருப்பத்திற்கு விட்டது.

இவ்விளையாட்டில் தீயுருண்டை மந்திரம் 20 அடி ஆரத்திற்குள் நிற்போர் அனைவரையும் தாக்கும். தோழன் அவ்வட்டத்திற்குள் நிற்கின்றானா என்னும் வினா எழுகின்றது. சொல்லால் மட்டும் களம் அமையுங்கால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு களம் தோன்றும். அத்தோழனின் உயிர் நடத்துநரின் எண்ணத்தைப் பொறுத்ததாகிவிடும். வரைபடம் இருப்பின், ஐந்தடிக்கு ஒரு கட்டமாக நான்கு கட்டங்களை எண்ணி முடிவு காணலாம். எனவே வரைபடம் பலர் கற்பனையை ஓரிடத்தில் நிறுத்தும் பொது உடன்பாடாகின்றது.

எனினும், களம் முழுவதையும் ஒருங்கே காட்டிவிடுவது குறையாகும். கதவின் பின் நிற்கும் பகைவனின் உருவம் முன்னரே மேசைமேல் இருப்பின் அச்சத்திற்கு இடமில்லை. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் போர்ப் பயிற்சி விளையாட்டு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அதில் எதிரியின் பார்வைக்கு எட்டிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். எட்டாதவை மறைவாகவே இருக்கும்.

நிலமும் பொழுதும் இணைந்ததே முதற்பொருள் என்பது தொல்காப்பியக் கோட்பாடு. கட்டமிட்ட தாள் நிலத்தை மட்டுமே தருகின்றது. இருளையும் மழையையும் மாந்தரின் கலக்கத்தையும் நடத்துநரின் சொல்லே தரவேண்டும். அச்சொல் குன்றும்போது ஆட்டம் கட்டங்களை எண்ணுவதாகச் சுருங்குகின்றது. கற்பனைக் குறைவுக்கு வரைபடத்தைக் காரணமாக்குவது பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.