யார் வாசித்தது?

2025 ஜூலையில் ஒயாசிஸ் அண்ணனும் தம்பியும் பகை மறந்து கார்டிஃப் மேடையில் ஏறினார்கள். அன்றிலிருந்து ஒரு புலம்பல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தக் கையால் வாசித்த காலம் மலையேறிவிட்டதாம். இனி எல்லாம் கணினி வேலைதானாம். செயற்கை நுண்ணறிவு மெட்டுப் போடும் நாளில் இந்த ஏக்கம் வருவது இயல்பு. ஆனால் இதை ராக் இசையின் வரலாறு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ‘தானே எழுதி, தானே வாசித்த குழு’ என்ற பெருமையின் பேரில் கொண்டாடப்படும் குழுக்களில் பல, அந்தப் பெருமைக்கே பொருந்தாதவை.

ஒயாசிஸையே எடுத்துக்கொள்வோம். ‘ஷேக்கர்மேக்கர்’ பாட்டின் மெட்டு, நியூ சீக்கர்ஸ் பாடிய பழைய கோக்கோ கோலா விளம்பரப் பாட்டுடையது; பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். ‘வாட்டெவர்’ பாட்டின் உரிமையில் நீல் இன்னஸுக்குப் பங்கு எழுதித்தர நேர்ந்தது. முதல் இரண்டு ஆல்பங்களைத் தாண்டினால் மிஞ்சுவது இரைச்சலும் குடும்பச் சண்டையும்தான்.

பீட்டில்ஸை நான் இந்தக் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. பெயருக்குத் தகுந்த சரக்கு அவர்களிடம் இருந்தது. ஆனாலும் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ ஆல்பத்தில் நாம் கேட்கும் ‘லவ் மீ டூ’வில் ட்ரம்ஸ் ரிங்கோ அல்ல, ஆண்டி வைட் என்ற கூலிக்கு வாசிக்கும் கலைஞர். 1962 செப்டம்பரில் அந்தப் பதிவு நடந்தபோது ரிங்கோ கையில் டாம்பரின்தான் இருந்தது.

‘தானே எழுதி, தானே வாசித்த குழு’ என்ற இந்தப் புராணம் கெட்டிப்பட்டது 1965க்கும் 67க்கும் நடுவில். பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ 1965இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் வாத்தியம் தொட்ட பேர்ட்ஸ் உறுப்பினர் ரோஜர் மெக்வின் ஒருவரே. ட்ரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிடாரில் லாரி நெக்டல் என மற்றவர்கள் எல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் மணிக்கணக்குக்கு வாசித்தவர்கள். பின்னாளில் ‘ரெக்கிங் க்ரூ’ என்று அழைக்கப்பட்ட கூட்டம். இதற்காக பேர்ட்ஸை யாரும் கேலி செய்யவில்லை. இரண்டே ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்க்கப்பட்ட மங்கீஸ் அதே காரியத்தைச் செய்தது தெரியவந்ததும் ‘போலிகள்’ என்று கிழித்தெறிந்தார்கள். ரோஷப்பட்டு அவர்கள் தாங்களே வாசித்து ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள்; அது முதலிடத்துக்கும் வந்தது. அடுத்த வாரமே ‘சார்ஜண்ட் பெப்பர்’ வந்து அதைக் கீழே இறக்கிவிட்டது. அதே 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை தொடங்கியது. எது அசல், எது போலி என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதன்பின் விமர்சகர்கள் கைக்குப் போனது.

அந்த அதிகாரம் பெற்றெடுத்த செல்லப்பிள்ளை டோர்ஸ். மேடையில் இக்குழுவுக்கு பேஸ் கலைஞரே கிடையாது. ரே மன்சாரெக் இடது கையால் கீபோர்டில் சமாளித்தார். ஒலித்தட்டில் அந்தச் சமாளிப்பு செல்லாது. முதல் ஆல்பத்தின் சில பாட்டுகளுக்கு பேஸ் வாசிக்க யாரைக் கூப்பிட்டார்கள்? பேர்ட்ஸுக்கு வாசித்த அதே நெக்டலைத்தான். உறையில் பெயர் போடவில்லை. குழுவின் மிகப் பெரிய வெற்றியான ‘லைட் மை ஃபயர்’ பெரும்பாலும் கிடார் கலைஞர் ராபி க்ரீகர் எழுதியது. புகழ் போனதோ ஜிம் மாரிசனுக்கு. மாரிசனின் கவிதை என்று சொல்லப்படுவது பதினெட்டு வயதில் மேதைமையாகத் தெரியும். அந்த வயதைக் கடந்த பிறகும் அப்படித் தெரிந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

1971இல் அவர் பாரிஸில் இறந்தபோது குழுவின் மவுசு குறைந்துகொண்டிருந்தது. பிறகு நடந்தது ஒரு பிம்பத் தயாரிப்பு. 1979இல் கொப்போலா ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் தொடக்கத்தில் ‘தி எண்ட்’ பாட்டை வைத்தார். 1980இல் வாழ்க்கை வரலாறு வந்து சக்கைப்போடு போட்டது, மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன் அட்டைப்படம், 1991இல் ஆலிவர் ஸ்டோனின் சினிமா. மங்கீஸைத் தொலைக்காட்சி நிறுவனம் உருவாக்கியது என்று முகம் சுளித்தவர்கள் இதைத் தயாரிப்பு என்று சொல்லவில்லை. டோர்ஸின் உருப்படியான ஆல்பம் ‘எல்.ஏ. உமன்’தான், அதில் பேஸ் வாசித்த ஜெர்ரி ஷெஃப், எல்விஸ் பிரெஸ்லியின் மேடைக்குழுவில் இருந்தவர்.

லெட் ஜெப்பெலின் விவகாரம் சிக்கலானது. வாசிப்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஜான் பான்ஹமின் ட்ரம்ஸை நான் இன்றும் வாய்பிளந்து கேட்பேன். ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் லண்டன் ஸ்டூடியோக்களில் யார் யாருக்கோ வாசித்துக் கை பழகியவர்கள் என்பது இங்கே முக்கியம். கோளாறு ‘எழுதியது’ என்ற இடத்தில். ‘ஹோல் லாட்டா லவ்’ வில்லி டிக்ஸனின் பாட்டிலிருந்து வந்தது. 1985இல் அவர் வழக்குப் போட்ட பிறகே அவருடைய பெயர் சேர்ந்தது. ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாட்டை முதலில் எழுதிய ஜேக் ஹோம்ஸ் 2010வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நீதிமன்றம் போனார். பங்க் ஆட்களோ ஜெப்பெலின் போன்றவர்களைத் தின்று கொழுத்த டைனோசர்கள் என்று ஏசினார்கள். அவர்களின் தலைமைப் பீடமான செக்ஸ் பிஸ்டல்ஸ், துணிக்கடைக்காரர் மால்கம் மெக்லாரன் சேர்த்துக்கொடுத்த குழு. ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம். படத்தில் பேஸ் கிடார் மாட்டிக்கொண்டு நிற்கும் சிட் விஷஸுக்கு வாசிக்க வராது என்பதால் ஆல்பத்தின் பெரும்பகுதியில் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸே பேஸையும் வாசித்தார். தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ், பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஒலிக்கலவையில் கைவைத்தவர். அந்த முரட்டுத்தனம் அடுக்கடுக்காகப் பதிந்து இழைத்த முரட்டுத்தனம்.

இனி டெட்ராய்ட்டுக்குப் போகலாம். வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட், 2648ஆம் எண் வீடு. பெர்ரி கார்டி 1959இல் தொடங்கிய மோடவுன் நிறுவனத்தின் பதிவறை அது; உள்ளே வாசித்தவர்கள் அதைப் ‘பாம்புக்குழி’ என்பார்கள். இரவில் ஜாஸ் விடுதிகளில் வாசித்துவிட்டு வந்த இந்தக் கூட்டத்துக்கு ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று பெயர். பென்னி பெஞ்சமின் ட்ரம்ஸ், ஏர்ல் வான் டைக் பியானோ, ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் படியேறும் அந்த கிடார் ராபர்ட் வைட். பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். கிடாரில் தந்தி மாற்றவே மாட்டார். பால் மெக்கார்ட்னியே இவரைத் தன் ஆதர்சம் என்று சொன்னார்.

ஃபோர் டாப்ஸ் 1967இல் பாடிய ‘பெர்னடெட்’டை ஒருமுறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாடகர் லீவை ஸ்டப்ஸ் தொண்டை கிழியக் கெஞ்சுகிறார். கீழே ஜேமர்சனின் பேஸ் அவரைத் தாங்குவதில்லை. அவரோடு வாக்குவாதம் செய்கிறது. தாளத்துக்கு முன்னும் பின்னும் விழுந்து, அரைச்சுரங்களில் வழுக்கி, சரியான இடத்துக்கு வந்து சேர்கிறது. முடிவுக்குச் சற்று முன் எல்லாமே சட்டென்று நின்றுபோகும். ஒரு கணம் வெறும் அமைதி. ஸ்டப்ஸ் அந்தப் பெண்ணின் பெயரை ஒரு தடவை கத்துவார், மொத்தக் கூட்டமும் திரும்ப விழும். டோர்ஸின் மொத்தப் பதிவுகளிலும் இத்தனை பதற்றம் கொண்ட ஒரு நிமிடத்தை எனக்குக் காட்டினால் மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பீட்டில்ஸ், எல்விஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பீச் பாய்ஸ் எல்லோரையும் கூட்டினாலும் வராத எண்ணிக்கையில் ஃபங்க் பிரதர்ஸ் முதலிடப் பாட்டுகளுக்கு வாசித்தார்கள் என்று 2002இல் வந்த ஆவணப்படம் சொல்கிறது. அந்தக் கணக்கோடு சண்டை போடலாம். வாசிப்போடு போட முடியாது. மெம்ஃபிஸில் புக்கர் டி குழு, அலபாமாவில் மஸ்ஸில் ஷோல்ஸ் கலைஞர்கள் என்று இதே பரம்பரை நீள்கிறது. ‘பிரவுன் ஷுகர்’ பதிய ரோலிங் ஸ்டோன்ஸே 1969இல் அங்கே தேடிப் போனார்கள். இளையராஜா பாட்டில் சசிதரனின் பேஸையும் புருஷோத்தமனின் ட்ரம்ஸையும் பெயர் தெரியாமலே மனப்பாடம் செய்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் மோடவுன் கலைஞர்களுக்கு முறையாகப் பெயர் கிடைத்தது. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. வாசித்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்து. 1983இல் மோடவுனின் வெள்ளிவிழா நிகழ்ச்சிக்கு ஜேமர்சன் கள்ள டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். மைக்கேல் ஜாக்சன் நிலாநடை நடந்து காட்டிய அதே நிகழ்ச்சி. அந்த ஆகஸ்டில் ஜேமர்சன் இறந்தார், வயது 47.

2003இல் ரோலிங் ஸ்டோன் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் ‘சார்ஜண்ட் பெப்பர்’ முதலிடம். 2020இல் அதே பத்திரிகை ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தை முதலிடத்தில் வைத்துவிட்டு பெப்பரை 24க்கு இறக்கியது. நல்ல காரியம். ஆனால் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வென்னர், 2023இல் ‘ஆசான்கள்’ என்று ஏழு வெள்ளை ஆண்களின் நேர்காணல்களைப் புத்தகமாக்கினார். கறுப்பினக் கலைஞர்களும் பெண்களும் ஏன் இல்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலுக்காக ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தின் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். ஆள் போனார், அளவுகோல் போகவில்லை. அந்த மன்றத்தில் டோர்ஸுக்கு 1993இல் இடம் கிடைத்தது, ‘கலைஞர்கள்’ பிரிவில். ஜேமர்சன் 2000இல்தான் உள்ளே போனார். அதுவும் பக்கவாத்தியக்காரர்களுக்காகப் புதிதாகத் தொடங்கிய பிரிவில்.